புள்ளிக்காகக் கற்பிக்கும் 40 நிமிடம்

கற்பித்தற் பயிற்சி முடிந்து வரும் பயிலுனர் ஆசிரியரிடம் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை புள்ளி போட்டார்கள்?" என்றுதான். அந்தப் புள்ளி எதற்குப் போடப்பட்டது, கற்பித்ததற்கா, கற்றுக்கொண்டதற்கா, அன்றைக்கு வகுப்பு சத்தமில்லாமல் இருந்ததற்கா என்று எவரும் கேட்பதில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ் மொழிமூல வகுப்புகளின் பின்வாங்கில் இருந்து பயிலுனர்களின் பாடங்களைக் கவனித்திருக்கிறேன். அவர்கள் எழுதி ஒப்படைக்கும் பிரதிபலிப்புக் குறிப்பேடுகளையும் வாசித்திருக்கிறேன். அவற்றை வைத்துக்கொண்டு, இந்தப் பயிற்சி தான் செய்வதாகச் சொல்லும் வேலையைச் செய்கிறதா என்று எடைபோட்டுப் பார்க்க விரும்புகிறேன். பயிலுனர்களின் உழைப்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் விசாரிப்பது அவர்களை அனுப்பிவைக்கும் ஏற்பாட்டை.

இலங்கையில் ஒருவர் ஆசிரியராவதற்கு இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று தேசிய கல்வியியற் கல்லூரி வழி. 1986ஆம் ஆண்டின் கல்வியியற் கல்லூரிகள் சட்டம் இதற்கு அடித்தளம். உயர்தரம் சித்தியடைந்த இளைஞர்கள் இரண்டு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். மூன்றாம் ஆண்டு முழுவதையும் ஒரு பாடசாலையில் கட்டுறு பயிலுனராகக் கழிக்கிறார்கள். அதன் பிறகே தேசிய கற்பித்தல் டிப்ளோமாவும் நியமனமும். கொழும்பின் தமிழ்ப் பாடசாலைகளுக்கு இந்த வழியால் வருகிறவர்களில் பெரும்பாலோர் பத்தனை ஸ்ரீபாத, கோப்பாய், வவுனியா, தாழங்குடா, அட்டாளைச்சேனை, தர்கா நகர் என்று தலைநகருக்கு வெளியே இருந்து படித்தவர்கள்.

மற்றது பட்டதாரி வழி. இங்கே பெரும்பாலும் நியமனம் முதலில் வருகிறது, பயிற்சி பின்னால் வருகிறது. வகுப்பெடுத்துப் பல ஆண்டுகள் போன பிறகு, கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடத்திலோ, நாவலையில் உள்ள திறந்த பல்கலைக்கழகத்திலோ, மகரகம தேசிய கல்வி நிறுவகத்திலோ பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்குச் சேர்கிறார்கள். சனி ஞாயிறுகளில் விரிவுரை. கற்பித்தற் பயிற்சியைத் தங்கள் சொந்தப் பாடசாலையிலேயே செய்துகொள்கிறவர்கள் பலர். 2020இல் அரசு ஆயிரக்கணக்கான பட்டதாரிகளைப் பயிலுனர்களாக உள்வாங்கியபோது, அவர்களில் ஒரு பகுதியினர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயரில் பாடசாலைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். கல்வியியலில் எந்தப் பயிற்சியும் பெறாதவர்கள் பலர் அடுத்த நாளே சோக்கட்டியைக் கையில் எடுத்தார்கள்.

வரிசையை மட்டும் வைத்துப் பார்த்தால் முதல் வழி தெளிவாக மேலானது. பழகிய பிறகு பொறுப்பு என்பது அதன் ஒழுங்கு. ஒரு முழு ஆண்டு பாடசாலையில் இருப்பவர் மூன்று தவணைகளையும் பார்க்கிறார். விளையாட்டுப் போட்டி, தவணைப் பரீட்சை, பெற்றோர் கூட்டம், நவராத்திரி, ஒளிவிழா எல்லாவற்றையும் கடந்து, ஒரே பிள்ளை ஜனவரியில் எப்படி இருந்தது, நவம்பரில் எப்படி ஆனது என்று காணும் வாய்ப்பு அவருக்கு உண்டு. சில வாரப் பயிற்சி இதைத் தரவே முடியாது. இந்த மேன்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுதான் மற்றவற்றைப் பேச வேண்டும், ஏனென்றால் என் குறை எல்லாம் இந்த நல்ல வாய்ப்பு வீணாவதைப் பற்றியது.

பயிலுனர் வந்திறங்கும் இடத்தைப் பார்ப்போம். வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையே சுமார் 10 கிலோமீற்றர். இரண்டும் கொழும்பு கல்வி வலயத்துக்குள் அடங்குபவை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் அதே இலவசப் பாடநூல், தேசிய கல்வி நிறுவகத்தின் அதே ஆசிரியர் வழிகாட்டி. வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் மட்டும் வேறு வேறு உலகத்தவர்கள். வெள்ளவத்தையில் 1983க்குப் பிறகும் 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகும் வடக்கிலிருந்து வந்து நிலைத்த குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை இன்று வாங்கில் உட்கார்ந்திருக்கிறது. அப்பா கனடாவிலோ கட்டாரிலோ இருக்க, அம்மாவும் அம்மம்மாவும் அடுக்குமாடி வீட்டில் படிப்பைக் கவனித்துக்கொள்ளும் வீடுகள் நிறைய. கொட்டாஞ்சேனை வேறு. துறைமுகத்தையும் செட்டியார் தெருவையும் புறக்கோட்டைக் கடைகளையும் நம்பி வாழும் குடும்பங்கள், மலையகத்திலிருந்து வந்து ஜிந்துப்பிட்டியிலும் புளுமெண்டாலிலும் தலைமுறைகளாக இருப்பவர்கள், பரதவர், கொழும்புச் செட்டிகள், முஸ்லிம்கள் என்று ஒரே வகுப்பில் பல சமூகங்கள். இங்கே பள்ளிக்கல்வி புதிதல்ல. புனித பெனடிக்ற் கல்லூரி 1865இல் தொடங்கியது. விவேகானந்த சபை 1902இல் உருவானது. அத்தனை ஆண்டுப் பாரம்பரியம் உள்ள தெருக்களிலேயே, சாதாரண தரத்துக்கு முன் படிப்பை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போகும் பையன்களும் இருக்கிறார்கள்.

கோப்பாயிலோ பத்தனையிலோ படித்துவிட்டு வரும் பயிலுனருக்கு இந்தப் பிள்ளைகளைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. கல்வி உளவியலில் பியாஜே உண்டு, வைகொட்ஸ்கி உண்டு. வீட்டில் தமிழும் தெருவில் சிங்களமுமாக வளர்ந்து, பதிலை வாயால் சரியாகச் சொல்லிவிட்டு எழுதும்போது தடுமாறும் ஜம்பட்டா வீதிப் பிள்ளை அந்த விரிவுரையில் இல்லை. நான் கண்ட ஒரு வகுப்பில், நீர் ஏன் ஆவியாகிறது என்ற கேள்விக்கு ஒரு பையன் பாதி சிங்களம் கலந்த பேச்சில் மிகச் சரியான விளக்கம் சொன்னான். பயிலுனர் அவன் பேச்சைத் திருத்தினார். பையன் உட்கார்ந்துவிட்டான். அவன் சொன்ன விளக்கம் வகுப்பில் யாருக்கும் பயன்படாமல் போயிற்று. நல்ல தமிழில் பேச வேண்டும் என்ற அக்கறையில்தான் அந்த இளம் ஆசிரியர் அப்படிச் செய்தார். ஆனால் எந்த நேரத்தில் மொழியைத் திருத்துவது, எந்த நேரத்தில் எண்ணத்தைப் பிடித்துக்கொள்வது என்ற முடிவு, கொழும்புத் தமிழ் வகுப்பில் ஒரு நாளைக்குப் பல தடவை எடுக்க வேண்டிய முடிவு. அவருடைய பாடக்குறிப்பில் அதற்கு இடம் இல்லை. அவரைக் கவனித்தவரின் படிவத்திலும் இல்லை.

அடுத்தது டியூசன். கொழும்பில் பயிலுனரின் அனுபவத்தை வேறு எதையும்விட அதிகமாக உருமாற்றுவது இதுதான் என்று நினைக்கிறேன். ஆனாலும் கற்பித்தற் பயிற்சியைப் பற்றிய எந்தப் பேச்சிலும் இது இடம்பெறுவதில்லை. 2007இல் தொடங்கிய தேர்ச்சி மையக் கலைத்திட்டம், பாடத்தை ஐந்து படிகளில் கொண்டுபோகச் சொல்கிறது: ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்குதல், விரிவுபடுத்தல், மதிப்பிடல். மாணவர் தாமே கண்டறிய வேண்டும் என்பது இதன் உயிர். முக்கோணியின் அகக்கோணங்களின் கூட்டுத்தொகையைக் கற்பிக்கப் போகும் பயிலுனர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். இரவெல்லாம் இருந்து பல வடிவ முக்கோணிகளைக் கடதாசியில் வெட்டி வைத்திருக்கிறார். பிள்ளைகள் மூலைகளைக் கிழித்து ஒன்றோடொன்று சேர்த்து வைத்து நேர்கோடு வருவதைக் காண வேண்டும் என்பது திட்டம். கடதாசியை விநியோகிக்கும் முன்பே முன்வரிசையிலிருந்து குரல் வருகிறது: "டீச்சர், 180. நாங்க டியூசன்ல செஞ்சிட்டோம்."

இந்த இடத்தில்தான் ஒருவர் ஆசிரியரா இல்லையா என்பது தெரியும். "எல்லா முக்கோணிக்கும் 180தான் என்று எப்படி நிச்சயமாகச் சொல்வாய்? நீ அளந்தது எத்தனை? அளக்காத ஒன்றுக்கு அது பொருந்தாவிட்டால்?" என்று திருப்பிக் கேட்டால், விடை தெரிந்த பிள்ளையும் மீண்டும் யோசிக்கத் தொடங்கும். ஆனால் பயிலுனர்களில் பெரும்பாலோர் "வெரி குட்" என்று சொல்லிவிட்டு அடுத்த படிக்குப் போகிறார்கள், ஏனென்றால் நேரம் போகிறது, பின்னால் ஒருவர் படிவத்தோடு இருக்கிறார். வகுப்பு வேகமாக நகர்கிறது. கைகள் உயர்கின்றன. இறுதியில் கேட்ட கேள்விகளுக்கு எல்லாம் சரியான விடை. மதிப்பீட்டாளரும் பாடம் வெற்றி என்று எழுதுகிறார். அந்தப் புள்ளியின் ஒரு பெரும் பங்கு, போன சனிக்கிழமை மண்டபத்தில் மைக் பிடித்துக் கற்பித்த டியூசன் சேருக்கு உரியது. பிரத்தியேக வகுப்புக்குப் பணம் கட்ட முடியாத இரண்டு மூன்று பிள்ளைகளுக்கோ அன்றைய பாடம் நடக்கவே இல்லை. விடை முதல் நிமிடத்திலேயே வெளியே வந்துவிட்டது. கண்டுபிடிக்கும் மகிழ்ச்சியும் போயிற்று, காரணமும் வரவில்லை.

டியூசன் இன்னொரு வழியிலும் குறுக்கே நிற்கிறது. டான் லோர்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975இல் ஆசிரியத் தொழிலைப் பற்றி எழுதிய நூலில், ஆசிரியராக வருகிறவர் பயிற்சிக்கு வரும் முன்பே பல்லாயிரம் மணித்தியாலம் ஆசிரியர்களைப் பார்த்துப் பழகியவர் என்பதைச் சுட்டிக்காட்டினார். கல்லூரியில் படித்தது, சிறுவயதிலிருந்து பார்த்ததை அசைப்பது கடினம். கொழும்பில் இன்று பயிற்சிக்கு வரும் இளைஞர் தன் சாதாரண தர, உயர்தர வெற்றிக்கு நன்றி சொல்வது டியூசன் ஆசிரியருக்கு. குறிப்பைச் சொல்லி எழுதவைத்தல், டியூட் கொடுத்தல், கடந்தகால வினாத்தாளைப் பிரித்துக்காட்டுதல், பகிடி சொல்லி வகுப்பைக் கட்டிவைத்தல் எல்லாம் அவர் மனத்தில் நல்ல கற்பித்தலின் வடிவமாகப் பதிந்திருக்கின்றன. மதிப்பீட்டாளர் வரும் நாளில் ஐந்து படிகள் நடக்கும். மற்ற நாட்களில் டியூசன் வகுப்பு நடக்கும். பயிலுனர்கள் இதைப் பொய்யாகச் செய்வதில்லை. இரண்டையும் ஒன்றோடொன்று உரசவிட்டு யோசிக்கச் சொல்ல அவர்களுக்கு யாரும் இருப்பதில்லை.

மதிப்பீட்டு வருகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்கு முந்திய நாட்களில் காலி வீதிப் புத்தகக் கடைகளில் பிரிஸ்டல் போட்டும் டிமை தாளும் வாங்கிப்போகும் இளம் பெண்களைக் கண்டால் பெரும்பாலும் விடயம் விளங்கிவிடும். கட்டுறு பயிலுனருக்குக் கிடைப்பது சிறு கொடுப்பனவு. வெள்ளவத்தையில் ஒரு அறைக்கு வாடகை கொடுத்து, பஸ் செலவு செய்து, சேலை உடுத்தி, அதற்குள்ளே கற்றற் சாதனங்களுக்கும் பணம் ஒதுக்குகிறார்கள். அந்த நாளில் வகுப்பின் குழப்படிக்காரப் பையன்கள் இரண்டு பேர் திடீரென்று நூலகத்துக்கு அனுப்பப்படுவதும் உண்டு. முதல் நாளே அதே பாடத்தை ஒரு முறை நடத்திப் பார்த்துவிடுவதும் உண்டு. பிள்ளைகளும் நல்லவர்கள், தங்கள் டீச்சரைக் காப்பாற்ற வேண்டும் என்று தெரிந்தே கை உயர்த்துகிறார்கள்.

படிவங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும் அவை தேடுவது ஏறக்குறைய ஒன்றுதான்: பாடத்தின் நுழைவு, விடய அறிவு, குரல், பலகைப் பயன்பாடு, சாதனங்கள், நேர முகாமை, முடிவில் மதிப்பீடு. ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் நியாயமானது. ஆனால் எல்லாமே ஆசிரியர் என்ன செய்தார் என்பதைப் பார்க்கின்றன. மூன்றாம் வாங்கில் இருந்த பிள்ளை என்ன விளங்கிக்கொண்டது என்று பார்க்கும் வரி அரிது. அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் டூயி 1904இல் எழுதிய கட்டுரையொன்றில் இரண்டு விதமான பயிற்சியைப் பிரித்துக்காட்டினார். ஒன்று, வகுப்பைக் கட்டியாளும் கைத்திறனை உடனே பழக்கும் தொழில்பயில்வு. மற்றது, பிள்ளையின் மனம் எப்படி இயங்குகிறது என்று கவனிக்கக் கற்பிக்கும் ஆய்வுகூட முறை. முதலாவதில் மட்டும் தேறியவர் வெளிப்பார்வைக்கு நல்ல ஆசிரியராகவே தோன்றுவார், ஆனால் அதற்கு மேல் வளரமாட்டார் என்பது அவர் தந்த எச்சரிக்கை. நம்முடைய படிவம் முதலாவதற்கே புள்ளி தருகிறது.

பிரதிபலிப்புக் குறிப்பேடு இந்தக் குறையை நிரப்பும் என்பது ஏற்பாட்டாளர்களின் எண்ணம். நல்ல எண்ணம். ஆனால் அந்தக் குறிப்பேடும் புள்ளிக்குப் போகிறது. புள்ளி போடுகிறவரிடம் ஒருவர் தன் தோல்வியை எப்படி எழுதுவார்? ஆகவே பக்கம் பக்கமாக ஒரே வாக்கியம்: மாணவர்கள் ஆர்வத்துடன் பங்குபற்றினர், எதிர்பார்த்த தேர்ச்சி அடையப்பட்டது, நேரம் சற்றுப் போதவில்லை. நேரம் போதவில்லை என்பது பாதுகாப்பான குறை, எவரும் அதற்காகப் புள்ளி வெட்டமாட்டார்கள். அபூர்வமாகச் சில குறிப்பேடுகள் வேறு மாதிரி இருக்கும். கொட்டாஞ்சேனைப் பக்கம் பணியாற்றிய ஒரு பயிலுனர், தன் கேள்விகளுக்கெல்லாம் ஐந்தே ஐந்து பிள்ளைகள்தான் பதில் சொல்கிறார்கள் என்பதை ஒரு வாரம் குறித்துவைத்து, மற்றவர்கள் ஏன் பேசுவதில்லை என்று ஒவ்வொருவரிடமும் இடைவேளையில் பேசிப் பார்த்து எழுதியிருந்தார். அது ஆராய்ச்சி. டூயி கேட்டது அதைத்தான். அந்தப் பக்கங்களுக்கு மேலே சிவப்பு மையில் ஒரு சரி அடையாளம் மட்டும் இருந்தது.

இனி "ரிலீஃப்". வராத ஆசிரியரின் வகுப்புக்கு அனுப்பப்படுவதற்குப் பாடசாலையில் வழங்கும் பெயர் அது. கட்டுறு பயிலுனர் வந்த முதல் வாரத்திலேயே ரிலீஃப் புத்தகத்தில் அவர் பெயர் ஏறிவிடுகிறது. வெற்றிடமாக இருக்கும் பாடங்கள் ஒன்றிரண்டு அவர் தலையில் விழுகின்றன. தமிழ் பயின்றவர் சுகாதாரம் எடுக்கிறார், கணிதம் பயின்றவர் சித்திரம் பார்க்கிறார். இதைச் சுரண்டல் என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. பயிலுனர்களிடம் கேட்டால், கூச்சம் போனதும் குரல் திறந்ததும் ரிலீஃப் வகுப்புகளில்தான் என்று பலர் நேர்மையாகச் சொல்கிறார்கள். பாடக்குறிப்பு இல்லாமல், சாதனம் இல்லாமல், தெரியாத நாற்பது பிள்ளைகள் முன் நிற்பது ஒரு துணிவைத் தருகிறது. அதை நான் மதிக்கிறேன். ஆயினும் அங்கே பழகுவது தப்பிப் பிழைக்கும் கலை. வகுப்பை எழுதவைத்து அமைதியாக்கலாம், மிரட்டி அமைதியாக்கலாம், கதை சொல்லியும் அமைதியாக்கலாம். இவற்றில் எது பிள்ளைக்கு நல்லது என்று உட்கார்ந்து பேச ஒருவர் இல்லாதவரை, எது சுலபமோ அதுவே பழக்கமாகி நிலைத்துவிடும்.

பயில்கிறவரைக் கொண்டே வகுப்பை நிரப்பும் இந்த வழக்கத்துக்கு ஒரு பழைய வரலாறு உண்டு, அதுவும் நம் பக்கத்து வரலாறு. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற பையன்களுக்கான இல்லத்தை 1789 முதல் நடத்திய அன்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, மூத்த பையன்களைக் கொண்டு இளையவர்களுக்குக் கற்பிக்கும் முறையை அமைத்தார். நம்முடைய திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை அதற்கு அந்நியரல்ல. 1797இல் அவர் அதை லண்டனில் நூலாக்கினார். மெட்ராஸ் முறை என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவியது. கற்றுக்கொண்டே கற்பிப்பதில் உள்ள உண்மையான பயனை அது காட்டியது. கூடவே, ஒரே ஆசிரியரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்ற ஆசையையும் நிர்வாகங்களுக்குக் காட்டியது. பயிலும் ஆசிரியர் மலிவான ஆசிரியரும்கூட என்ற அந்த இரட்டைத்தன்மை இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. தமிழ் மொழிமூலத்தில் விஞ்ஞான, கணித ஆசிரியர் வெற்றிடம் இருக்கும் பாடசாலைக்கு ஒரு பயிலுனர் கிடைத்தால், அதிபர் முதலில் நேரசூசியைத்தான் திறப்பார். அவரைக் குற்றம் சொல்வது எளிது. பெற்றோர் கேட்பது அவரிடம்தானே.

இந்த ஏற்பாடு முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கும் ஆணி வழிகாட்டி ஆசிரியர். காகிதத்தில் அவர் உண்டு. பயிலுனரின் பாடத்தைப் பார்ப்பது, பேசுவது, திருத்துவது அவர் வேலை. நடைமுறையில் அவருக்கு அதற்காக ஒரு பாடவேளைகூட ஒதுக்கப்படுவதில்லை. தனியான பயிற்சி இல்லை, கொடுப்பனவும் இல்லை. பயிலுனர் சித்தியடைவதிலோ தவறுவதிலோ அவருடைய சொல்லுக்குப் பெரிய எடையும் இல்லை. பயிலுனர் வகுப்புக்குள் போனதும் அவர் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து கொப்பி திருத்துகிறார். முப்பத்தைந்து பாடவேளைச் சுமையில் கிடைத்த ஒரு மூச்சு அது, பறிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். நாள்தோறும் பயிலுனருக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் பொறுப்பு இல்லை. பொறுப்பு உள்ள விரிவுரையாளர் பக்கத்தில் இல்லை, அவர் தவணையில் எப்போதோ சில தடவை வந்து போகிறார். இந்த இடைவெளிக்குள் ஓர் ஆண்டு விழுந்துவிடுகிறது.

மோசமான காலங்களில் இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது, கொட்டாஞ்சேனையிலும் சுற்றியுள்ள தெருக்களிலும் இழப்பில்லாத சந்து அரிதாக இருந்தது. மே மாதத்தில் பாடசாலைகள் திறந்தபோது வாசலில் பைகள் சோதிக்கப்பட்டன. காலியான வாங்கு ஒன்றுக்கு முன் நின்று என்ன பேசுவது? கிறிஸ்தவப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் அருகருகே இருக்கும் வகுப்பில் எதைப் பேசாமல் விடுவது? இருபத்து மூன்று வயதுப் பயிலுனருக்கு இதை எவரும் சொல்லித்தரவில்லை. அனுபவமுள்ள ஒரு ஆசிரியை பக்கத்தில் நின்றிருந்தால் போதும், பயிலுனர் பார்த்தே கற்றிருப்பார். சில பாடசாலைகளில் அப்படி நின்ற ஆசிரியைகளும் இருந்தார்கள். அது அவர்களுடைய நல்ல மனத்தால் நடந்தது. பிறகு 2020இன் பெருந்தொற்று மூடல், 2022இன் எரிபொருள் நெருக்கடி. அந்த ஆண்டுகளில் கட்டுறு பயிற்சியின் பெரும்பகுதி தொலைபேசித் திரையில் கழிந்தவர்கள் இன்று முழு ஆசிரியர்களாக வகுப்பில் இருக்கிறார்கள்.

இத்தனைக்கும் எதிராகச் சொல்லக்கூடியதை நேர்மையாகக் கேட்க வேண்டும். மதிப்பீடு இல்லாவிட்டால் யாரும் ஆயத்தப்படுத்தமாட்டார்கள் என்று விரிவுரையாளர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. பாடக்குறிப்பை ஒழுங்காக எழுதும் பழக்கம், ஒரு பாடவேளைக்கு ஒரு நோக்கம் என்ற கட்டுப்பாடு, பலகையைத் திட்டமிடுவது எல்லாம் அந்தப் பயத்தால் வந்தவை, வாழ்நாள் முழுவதும் உதவுபவை. தமிழ் மொழிமூல விரிவுரையாளர்கள் குறைவு, அவர்களில் ஒருவர் ஒரே காலையில் வெள்ளவத்தையில் ஒரு பாடமும் மட்டக்குளியில் ஒரு பாடமும் பார்த்துவிட்டு மாலையில் விரிவுரைக்குப் போகிறார் என்பதும் உண்மை. அவர் கூடுதலாக வர வேண்டும் என்று கோருவது பயனற்றது. இன்னொரு வாதம், பயிற்சிக் காலத்தை நீட்டினால் சரியாகும் என்பது. ஆசிரியர் கல்வி பற்றிய நீதிபதி வர்மா ஆணைக்குழுவின் 2012 அறிக்கைக்குப் பிறகு இந்தியா 2014இல் பி.எட். படிப்பை இரண்டு ஆண்டாக்கி, பாடசாலைப் பயிற்சியை 20 வாரமாக்கியது. நம்முடைய கல்வியியற் கல்லூரிகள் அதைவிட நீண்ட காலத்தைப் பல ஆண்டுகளாகக் கொடுத்துவருகின்றன. காலம்தான் மருந்து என்றால் நாம் எப்போதோ குணமாகியிருக்க வேண்டும்.

ஜப்பானியப் பாடசாலைகளில் பாடத்தைக் கூட்டாக ஆராயும் வழக்கம் நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்த மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனிப்பார்கள், பிறகு உட்கார்ந்து பிள்ளை எங்கே தடக்குப்பட்டது என்று பேசுவார்கள். புள்ளி கிடையாது. வெள்ளவத்தைக்கு இது கைக்கெட்டாத ஒன்றல்ல. ஒரு பாடசாலைக்கு இரண்டு பயிலுனர், ஒரு வழிகாட்டி, வாரத்தில் இரண்டு பாடவேளை போதும். முக்கோணிப் பாடத்தில் "180" என்ற குரல் வந்தபோது என்ன செய்திருக்கலாம் என்று மூவரும் ஒரு முறை பேசியிருந்தால், அடுத்த வகுப்பில் அந்தப் பயிலுனர் வேறு ஆசிரியராக நுழைந்திருப்பார்.

ஆகவே என் தீர்ப்பு இரண்டு வழிகளுக்கும் வேறு வேறு. பணியில் உள்ள பட்டதாரிகளுக்கு, அவர்களுடைய சொந்தப் பாடசாலையிலேயே சில பார்வையிடல்களோடு முடியும் கற்பித்தற் பயிற்சி, இன்றைய வடிவில், பயிற்சி என்ற பெயருக்குத் தகுதியற்றது. அது ஒரு செய்முறைப் பரீட்சை. ஆண்டுக்கணக்கில் கற்பித்தவர் தான் வழமையாகச் செய்யாத ஒரு பாடத்தைச் சில நாட்கள் செய்து காட்டுகிறார். அதை இப்படியே தொடர்வதைவிட, அவர் தன் வகுப்பில் கண்ட ஒரு கற்றல் சிக்கலை ஒரு தவணை முழுவதும் பின்தொடர்ந்து எழுதும் வேலையாக மாற்றிவிடுவது நேர்மையானது.

கல்வியியற் கல்லூரியின் ஓராண்டுக் கட்டுறு பயிற்சி, ஆசிரியரை உருவாக்க இந்த நாடு கண்டுபிடித்தவற்றில் மிகச் சிறந்தது. அதைக் குறைக்கவோ பட்டப்படிப்புக்குள் கரைக்கவோ யாராவது முன்வந்தால் எதிர்க்க வேண்டும். ஆனால் கொழும்பில் நான் கண்ட அளவில் அது பாதி வேலையே செய்கிறது. கூச்சத்தைப் போக்குகிறது, ஒழுங்கைப் பழக்குகிறது, பாடசாலை என்ற நிறுவனத்தை அறிமுகப்படுத்துகிறது. பிள்ளை எப்படி யோசிக்கிறது என்று பார்க்கக் கற்பிக்கும் மற்றப் பாதியை அது தற்செயலுக்கு விட்டுவிட்டது. நல்ல ஆசிரியை ஒருவருக்குப் பக்கத்து மேசை கிடைத்த பயிலுனருக்கு அது கிடைக்கிறது, கிடைக்காதவருக்கு இல்லை. இதைச் சரிசெய்யப் புதிய கட்டடமோ புதிய சட்டமோ வேண்டியதில்லை. வழிகாட்டி ஆசிரியருக்கு வாரத்தில் இரண்டு பாடவேளையை நேரசூசியிலேயே ஒதுக்கி, அதை ரிலீஃபுக்கு எடுக்கக் கூடாது என்று எழுத்தில் வைக்க வேண்டும். இறுதிப் புள்ளியில் பாதி அவருடையதாக இருக்க வேண்டும். பிரதிபலிப்புக் குறிப்பேட்டை அந்தப் புள்ளியிலிருந்து முற்றாக விடுவிக்க வேண்டும். விரிவுரையாளர் வரும்போது பயிலுனரை மட்டும் பார்க்காமல், வழிகாட்டியோடும் அதிபரோடும் உட்கார்ந்து, போன வருகைக்குப் பிறகு இந்த வகுப்பில் எந்தப் பிள்ளையிடம் என்ன மாறியது என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத பாடசாலைக்கு அடுத்த ஆண்டு பயிலுனரை அனுப்பக் கூடாது, அங்கே எத்தனை வெற்றிடம் இருந்தாலும்.